பேரிகை ரோட்டில் ஒரு படகு

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடிங்க!" என்று சிவராஜ் கத்தினார்.

"ஒடிக்க எடம் எங்க சார் இருக்கு?" டிரெய்லர் டிரைவர் பெருமாள் இறங்கியே வந்துவிட்டார். "படகு உங்க கேட்டைவிட அகலம். நான் என்ன பண்றது?"

படகின் மூக்கு கேட்டை முட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் பேரிகை ரோட்டை முழுசாக அடைத்திருந்தது. இருபுறமும் கம்பெனி பஸ்கள்.

"சானமாவு காட்டுலேருந்து யானை எறங்கினாக்கூட இவ்ளோ டிராஃபிக் ஆவாதுங்க" என்றார் பைக்கில் வந்த ஒருவர்.

சிவராஜுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே ஒர்க்ஷாப். முப்பது வருஷமாக வண்டிக் கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் செய்து கொடுத்தவர், அறுபது முடிந்ததும் படகு வாங்கப்போவதாக அறிவித்தார்.

"ஓசூர்ல எல்லாரும் வேகமா போறதுக்கு வண்டி செய்றான். நான் மெதுவா போறதுக்கு ஒண்ணு வாங்கறேன்."

"நம்மூர்ல கடல் ஏதுங்க?" என்றாள் மனைவி வீரலட்சுமி.

"மங்களூர்ல இருக்கு. நாம போவோம்."

போனார்கள். படகு கட்டும் யார்டில் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார், ஒல்லியாகச் சீறிப் பாயும் படகுகளைக் காட்டினார். சிவராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன்பிடி விசைப்படகு மாதிரி வயிறு பெருத்தது, டீசல் எஞ்சின், நிதானமான ஓட்டம், உள்ளே படுக்கையறை, சமையலறை, மேலே உட்கார நிழல். அதுதான் வேண்டும். அதிலும் இரண்டு அளவு இருந்தது. அவர் சின்னதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீரலட்சுமி வாய் திறந்தாள்.

"பெரிசு எடுங்க. சின்னது ஆடும். எனக்குத் தலை சுத்தும்."

கல்யாணமானதிலிருந்து அவள் எதையும் இப்படி அடித்துக் கேட்டதில்லை. சிவராஜ் சரியென்று எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். அவள் சமையலறை பற்றிப் பேச ஹரீஷ்குமாரோடு ஒதுங்கினாள்.

"கைப்பிடிக் கம்பி, தண்ணி டேங்க் எல்லாம் என் ஷெட்லதான் செய்வேன். அடுத்தவன் வெல்டிங்கை நம்பிக் கடலுக்குப் போவ மாட்டேன்" என்று சிவராஜ் சொல்லிவிட்டதால்தான் படகு ஓசூருக்கே வந்தது. ஷெட்டின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்திருந்தார். தினமும் லாரி வந்து போகிற கேட்டை அளக்கத் தோன்றவில்லை.

"கேட்டைக் கழட்டுங்கடா!" என்றார் இப்போது.

கழற்றினார்கள். படகு ஒரு முழம் முன்னேறி, தூணுக்கும் தூணுக்கும் நடுவே இறுகிக்கொண்டது. இனிப் பின்னாலும் வராது.

அந்தத் தூணுக்கு அடுத்த பக்கம் தம்பி ஆனந்தின் கேட். அப்பா விட்டுப்போன ஒர்க்ஷாப்பைப் பிரித்தபோது, அந்தப் பொதுத் தூணிலிருந்து பின்கோடி வரை சுவர் எழுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சில்லை.

"கிரேனைக் கூப்பிடு" என்றார் சிவராஜ். "சுவத்துக்கு மேல தூக்கி எறக்கிடலாம்."

கிரேன் வந்தது. மேலே மின்கம்பி. லைன்மேனைப் பிடித்து கரண்டை நிறுத்தினார்கள். ஆனந்தின் மெஷின்கள் பாதி வேலையில் நின்றன. ஆனந்த் வெளியே வந்து கிரேன் ஆபரேட்டரைக் கேட்டான்.

"யாரைக் கேட்டுய்யா கரண்டை நிறுத்தினீங்க?"

சிவராஜும் ஆபரேட்டரிடமே சொன்னார். "கொஞ்ச நேரம்தான்னு அவருகிட்ட சொல்லுப்பா."

"ரெண்டு பேரும் பக்கத்துலதானே நிக்கிறீங்க!" என்றார் ஆபரேட்டர் பரிதாபமாக.

கிரேன் இழுத்தது. படகு மேலெழும்பி, ஆடி, ஒரு பக்கமாகச் சரிந்தது. படகைக் கட்டியிருந்த கிரேன் பெல்ட் நழுவியது. படகின் பின்பாகம் பொதுத் தூண்மேல் சாய, தூணில் விரிசல் ஓடியது.

"அண்ணா, நிறுத்தச் சொல்லு! அடியில ஓட்டை வுழுந்துரும்!"

கத்தியது ஆனந்த். அந்த 'அண்ணா'வுக்குத் தெருவே ஒரு கணம் ஹாரன் அடிக்க மறந்தது.

"பெல்ட்டைத் தப்பான எடத்துல மாட்டியிருக்கான். நான் அப்பவே பாத்தேன்" என்றான் ஆனந்த், குரலைத் தணித்து.

"பாத்தவன் சொல்ல வேண்டியதுதானே?"

"யாருகிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஆபரேட்டர்.

இருவரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

தூணை இடிப்பதைத் தவிர வழியில்லை. இடித்தால், அதற்குப் பின்னால் சுவர். இரண்டு பக்க இடமும் சேர்ந்தால்தான் படகு ஷெட் வரை போகும். சிவராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். பின்வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தம்பியிடம் கேட்கும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

"ஆனந்தா..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமினார்.

ஆனந்த் உள்ளே போனான். திரும்பி வந்தபோது தோளில் இரண்டு சம்மட்டி.

"உன் பக்கத்தை நீ ஒடை. என் பக்கத்தை நான் ஒடைக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள் சுவர் தரைமட்டம். படகு ஊர்ந்து உள்ளே போனது. பஸ்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சிவராஜ் தம்பியின் தலையில் இருந்த செங்கல் தூசியைத் தட்டிவிட்டார். கொஞ்சம் அதிக நேரமே தட்டினார்.

அதன்பிறகு ஷெட்டில் தினமும் சண்டைதான். கைப்பிடி உயரத்துக்கு ஒரு சண்டை, வெல்டிங்குக்கு ஒரு சண்டை. ஆனந்தின் மனைவி ரஞ்சிதாவும் வீரலட்சுமியும் திரைச்சீலை தைத்தார்கள். படகு மறுபடி மங்களூருக்குப் புறப்பட்ட பிறகும் சுவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு இரண்டு குடும்பமும் போனது. படகு ஆடாமல், அவசரமில்லாமல் கடலில் இறங்கி நகர்ந்தது. மேலே ஸ்டியரிங் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிவராஜ் விட்டுக்கொடுத்துவிட்டு, காப்பி கேட்க சமையலறைப் பக்கம் இறங்கினார்.

அங்கே ஹரீஷ்குமார், எஞ்சின் சத்தத்தை மீறி வீரலட்சுமியிடம் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"மேடம், உங்க வீட்டு கேட்டைவிட ரெண்டடி அகலமா இருந்தே ஆகணும்னு தனியா கூப்பிட்டு சொன்னீங்களே, அளவு கரெக்டா இருந்துச்சா?"