மேல்நிலைத் தொட்டி: ஒரு வகைப்பாடு

கடலே இல்லாத சீமையில் சுனாமிப் பயிற்சி நடத்திய பெருமை உலக வரலாற்றில் திண்டுக்கல் சமவெளிக்கே உரியது. 2006-ஆம் ஆண்டு ஆடிக்காற்றில், கடலைப் பார்க்கப் பாதி நாள் பஸ்ஸில் போகவேண்டிய முந்நூறு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி, அலை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கற்றுக்கொண்டார்கள். மதியம் தக்காளிச் சாதம்.

முந்நூறு பேரில் ஒருத்தி கிளாரா. செம்பட்டிக்குப் பக்கத்தில், சின்னமாதாபட்டி பால்வாடியின் டீச்சர். பயிற்சி முடியும்போது, "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அப்படிக் கேட்டால் கைதட்டிவிட்டுக் கலைய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளாரா எழுந்து நின்றாள்.

"சார், எங்க பால்வாடியை ஒட்டி முப்பது வருசத்துத் தண்ணித் தொட்டி நிக்குது. தூண்ல கம்பி வெளிய தெரியுது. தெனமும் காரை பேந்து ஓட்டு மேல விழுகுது. உள்ள இருபத்திரெண்டு பிள்ளைக இருக்குக."

மேடையில் இருந்தவர் பேரிடர் ஆயத்தப் பிரிவின் மேற்பார்வையாளர் தண்டாயுதபாணி. அவசரப்பட்டு எதையும் செய்துவிடாத மனிதர். கண்ணை மூடி யோசித்தார்.

"தொட்டி விழுந்துருச்சாம்மா?"

"இல்ல சார். விழப்போகுது."

"அப்ப அது இடர்."

"விழுந்துட்டா?"

"பேரிடர். எங்க பிரிவு பேரிடருக்குத்தாம்மா. இடருக்குன்னு தனியாப் பிரிவு கிடையாது."

பிறகு சபைக்கே விளக்கினார். ஆளில்லாத பொட்டலில் தொட்டி விழுந்தால் அது வெறும் சத்தம். அதன் கீழே மனிதர்கள் இருந்தால்தான் பேரிடர். தொட்டி செய்வது பாதி, ஆட்கள் அங்கே இருப்பது மீதி.

இந்த வரையறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிளாரா அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பத்தாம் நாள் மேற்பார்வையாளர் நேரிலேயே வந்துவிட்டார். மஞ்சள் தலைக்கவசம் அணிந்து, அறுபது அடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்று, தூணின் விரிசலைக் கண்ணாலேயே அளந்தார்.

"சார், செத்த கிட்ட வந்து பாருங்க" என்றாள் சமையல் ஆயா பெருமாயி.

"இங்கருந்தே தெளிவாத் தெரியுதும்மா."

"நல்லா இருக்கே நாயம்! தலைக்கு மூடி போட்டவரு மரத்தடியில நிக்கிறாரு. பழனிக்கு மொட்டை போட்ட பிள்ளைக தொட்டியடியில வெளையாடுதுக."

கிளாரா குறுக்கிட்டாள். "இடிச்சிருங்க சார்."

"பேரிடர்னு அறிவிச்சாத்தாம்மா இடிக்கலாம்."

"பேரிடர் ஆன பெறகு இடிக்கிறதுக்கு என்ன சார் மிச்சம் இருக்கும்?"

"நல்ல கேள்வி" என்று சொல்லி அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப பால்வாடியையாவது வேற எடத்துக்கு மாத்திக்கிறேன்."

"மாத்துறதுக்கு உத்தரவு வேணும். உத்தரவுக்குக் காரணம் வேணும். காரணம்னா..."

"பேரிடர்" என்று பெருமாயியே முடித்துவைத்தாள்.

ஆனாலும் அவர் சும்மா போகவில்லை. 'எச்சரிக்கை: இது ஓர் இடர்' என்ற பலகையை அதே தூணில் அறையச் செய்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கூடை காரை உதிர்ந்தது. பலகை மட்டும் அசையாமல் நின்றது. பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு பாடமும் கிடைத்தது.

ஜீப் போன பிறகு கிளாரா நோட்டைத் திறந்தாள். இரண்டு கோடு போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியை அவளால் நகர்த்த முடியாது. மீதிப் பாதியை நகர்த்தலாம்.

மறுநாள் காலை சத்துமாவு மூட்டையையும், எடை பார்க்கும் தராசையும், இருபத்திரண்டு பிள்ளைகளையும் மாதா கோயில் சப்பரம் நிறுத்தும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டாள். பங்குச் சாமியாரிடம் மட்டும் கேட்டுக்கொண்டாள். அவர் காரணம் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். நிர்வாக அனுபவம் போதாதவர்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, பிள்ளைகள் சப்பரத்தின் நிழலில் சுண்டல் தின்றுகொண்டிருக்கும்போது, தொட்டி விழுந்தது. பால்வாடியின் ஓடு, சுவர், சிலேட்டு அலமாரி, எல்லாம் மண்ணோடு மண்.

இப்போது பாருங்கள் நிர்வாகத்தின் வேகத்தை! ஒரு மணி நேரத்துக்குள் ஜீப்பும் கேமராவும் கட்டம் போட்ட படிவமும் வந்து சேர்ந்தன. தண்டாயுதபாணி பேனாவைத் திறந்தார்.

"இறந்தவங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்ல சார்" என்றாள் கிளாரா.

"பலத்த காயம்?"

"இல்ல சார்."

"லேசான காயம்? ஆடு, மாடு, கோழி?"

"ஒரு ஓணான் இருந்துச்சு. அதுவும் சத்தம் கேட்டதுமே ஓடிப்போச்சு" என்றாள் பெருமாயி.

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் தெரிந்த வருத்தம் பொய் அல்ல. "அப்ப இது பேரிடர்ல வராதேம்மா."

"தொட்டியே விழுந்து கெடக்குதே சார்! பால்வாடிக்குப் புதுக் கட்டடம்?"

"கொள்கைப்படி பார்த்தா இது இன்னும் இடர்தான். நின்னுக்கிட்டிருந்த இடர் இப்பப் படுத்திருக்கு. அம்புட்டுதான்."

பிரிவு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பேரிடர் நிகழாமல் போனதற்கான காரணத்தை ஆராய்ந்து, ஒரே வாரத்தில் கண்டுபிடித்தது. கிளாராவுக்குப் பதிவுத் தபாலில் குறிப்பாணை வந்தது. 'மேற்படி தொட்டி விழுந்த நாளன்று, பணி நேரமான காலை 10.45 மணிக்கு, தாங்களும் பதிவேட்டில் உள்ள இருபத்திரண்டு குழந்தைகளும் மையத்தில் இல்லாதது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள்.'

கொட்டகையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிளாரா தாளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இருபத்திரண்டு தலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் எழுதப் போறீக?" என்று மெதுவாகக் கேட்டாள் பெருமாயி.

"மன்னிப்புத்தான்க்கா."

எழுதினாள்:

'ஐயா, அன்று நாங்கள் மையத்தில் இல்லாதது தவறுதான். தொட்டி விழும் நாளையும் நேரத்தையும் தங்கள் அலுவலகம் முன்கூட்டியே தெரிவித்திருந்தால், இருபத்திரண்டு பிள்ளைகளோடும் தவறாமல் ஆஜராகியிருப்பேன்.'