அம்பரெல்லா போட்ட ஆணமும் என் பொய்ப்பெயரும்

வெட்கப்படுகிற ஆளிடம் எதையும் கறந்துவிடலாம். "இது வெளியே போகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில்லாப் பிராணி என்று ஊரே நினைத்திருந்தவன், மதகு திறந்த வாய்க்கால் மாதிரி ஓடத் தொடங்கிவிடுவான். நான் அப்படி ஓடியதில் ஒரு கலியாணமே அள்ளுப்பட்டுப் போகப் பார்த்தது.

நான் சாதாரண தரம் வரை படித்துவிட்டு, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறவன். யாராவது விலை கேட்டால் முதலாளி இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஆணிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வேன். எனக்குக் கலியாணம் பேசிய அன்று, "மாப்பிள கதைப்பாரா?" என்று பெண் வீட்டில் கேட்டார்களாம். "தேவப்பட்டா கதைப்பான்" என்று வாப்பா சமாளித்தாராம். (கலியாணம் முடித்து எவ்வளவோ காலமாகியும் அந்தத் தேவை வந்திருக்கவில்லை.)

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். என் மாமி தன் வளவிலேயே இரண்டு மகள்மாருக்கும் இரு பக்கமும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, நடுவில் தான் இருந்தார். மூத்த மகளின் கணவர் றவூப் காக்கா. (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். அடுத்த வரம்பில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலிலேயே பக்கத்தில் இருக்கிறவரோடும் கதைப்பார். மாமிக்குச் செல்ல மருமகன் அவர்தான். நான் இளைய மகள் நஸீறாவின் கணவன். என்னைப் பற்றி யாரும் கேட்டால் மாமி, "அவர் இரிக்கார்" என்பார். அவ்வளவுதான்.

வளவின் முன்பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த துண்டு நிலத்தை, றவூப் காக்காவின் மகள் ஷிபாவுக்கு வீடு கட்டக் கொடுப்பதாக மாமி சொல்லியிருந்தார். ஷிபாவுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. அத்திவாரம் போட்டால் கலியாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். மேசன்மாருக்கும் சொல்லியாயிற்று.

அந்த நேரத்தில்தான் இர்ஷாத் தம்பி வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. பெண் வீட்டில் வந்து வாழும் ஆண்களைப் பற்றி வீடு வீடாய்க் கேட்டுக்கொண்டு வந்தார். கூட வந்த மாணவி பெண்களிடம் கேட்பாராம். நஸீறா கடைக்குப் போயிருந்ததால் நான் தப்ப வழியில்லாமல் போயிற்று.

"காக்கா, நீங்க சொல்ற எல்லாம் என்கிட்ட அமானிதம். உங்கட பேர், வயசு, தொழில், ஊர் ஒண்டும் வெளிய வராது. விருப்பமில்லாட்டி இடையில எழும்பிப் போகலாம்" என்றார். அமானிதம் என்றால், நம்பி ஒப்படைத்ததைப் பத்திரமாக வைத்திருப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"உங்களுக்கு ஒரு பொய்ப்பேர் வெக்கணும். நீங்களே ஒண்டு சொல்லுங்களன்."

உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்கிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது: "றவூப்! டாங்கி நிரம்பி ஊத்துது, மோட்டர நிப்பாட்டுங்க!"

"றவூப்" என்றேன்.

இர்ஷாத் தம்பி கெட்டிக்காரர். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆராவது அந்தப் பேருல இரிக்காங்களா காக்கா?" என்று கேட்டார். ஓம் என்றால் இன்னொரு பெயர் யோசிக்க வேண்டும். "இல்ல" என்றேன். (மாமி கூப்பிட்டது அவருக்கும் கேட்டிருக்கும். வேலிக்கு அப்பால் இருப்பவரை எனக்குத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?)

பிறகு நான் கதைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் அந்தத் தம்பிதான் கொட்டாவி விட்டார்.

சில வாரம் கழித்து, கண்டறிந்ததை ஊருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ரோல்ஸும் பற்றிஸும் கொடுப்பார்கள் என்று கதை பரவியதால் ஊரே வந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

"பேரெல்லாம் மாத்தியிரிக்கி" என்று இர்ஷாத் தம்பி மைக்கில் இரண்டு தரம் சொன்னார். பிறகு வாசித்தார்:

"றவூப் எண்டவர் சொல்றார்: என்ட வீட்டுக்குள்ள போறதுக்கே நான் இருமிப்போட்டுத்தான் போறது. எந்த ஆணியில சேட்டக் கொழுவுறதெண்டு இன்னமும் விளங்கல்ல."

ஆண்கள் பக்கம் கைதட்டல் பறந்தது. முன்வரிசையில் றவூப் காக்கா எழுந்து நின்று, "நான் இல்ல, வேற றவூப்!" என்று கும்பிடாத குறையாகச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக நான் சொன்ன ஒன்றுக்கு ஊர் கைதட்டுகிறது.

"அவரே இன்னுமொண்டு சொல்றார்: வெள்ளிக்கு வெள்ளி மாமி மாட்டிறைச்சி ஆணம் அனுப்புவாங்க. அதுக்குள்ள அந்தப் புளிக்கிற அம்பரெல்லாக்காயப் போடுவாங்க. அத ஏன் போடுறீங்க எண்டு கேக்கிறதுக்கு இந்தக் குடும்பத்துல ஒரு ஆம்பிள இல்ல."

கைதட்டல் வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "இறைச்சிக்க அம்பரெல்லா போடுறது ஆருகா?"

எல்லாத் தலைகளும் மாமியின் பக்கம் திரும்பின. பிறகு றவூப் காக்காவின் பக்கம் திரும்பின. தூணின் பக்கம் ஒரு தலையும் திரும்பவில்லை.

பாவம், அந்தப் பிள்ளைகள் என் வயதை எடுத்துவிட்டார்கள், தொழிலை எடுத்துவிட்டார்கள், ஊரை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு காயே ஒரு வீட்டின் விலாசமாக இருக்கும் என்று அவர்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மேசன்மாரை வர வேண்டாம் என்று மாமி சொல்லியனுப்பினார். றவூப் காக்காவோடு நேரே கதைப்பதையும் நிறுத்திவிட்டார். அவர் முன்னால் நின்றாலும் மூத்த மகளைப் பார்த்துத்தான் சொல்வார்: "ஆம்பிளைகள் இல்லாத குடும்பமாம். அப்ப ஆம்பிளைகள் உள்ள இடமாப் பாத்து வீடு கட்டிக்கட்டும்."

"மாமி, குர்ஆன்ல அடிச்சிச் சத்தியம் பண்ணட்டா?" என்று றவூப் காக்கா கத்தினார். கத்தியது இன்னும் பிழையாய்ப் போயிற்று. ஷிபா அழுதழுது கண் வீங்கித் திரிந்தாள். அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா கோல் எடுத்து, "அத்திவாரம் என்ன மாதிரி?" என்று கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை வந்தது. றவூப் காக்கா வீட்டுக்கு ஆணம் போகவில்லை. அந்தப் பங்கும் சேர்ந்து எனக்கு வந்தது. அம்பரெல்லா மட்டும் ஒரு கிண்ணம் இருக்கும். "தின்னுங்க மகன்" என்று மாமி பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்கதான் ஒரு நாளும் குற சொல்லாத புள்ள."

தின்றேன். நஸீறா கதவுக்குப் பின்னால் நின்று, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

பொறுக்க முடியாமல் இர்ஷாத் தம்பியைத் தேடிப் போனேன். "தம்பி, அது றவூப் காக்கா இல்லண்டு மட்டும் மாமிக்கிட்ட சொல்லுங்க."

"அவர் இல்லண்டா மிச்சம் நீங்கதானே காக்கா? உங்கள எப்பிடிக் காட்டிக்குடுக்கிற? அம்பரெல்லாவ நாங்க எடுத்திருக்கணும், அது எங்கட பிழை. மன்னிச்சுக்கங்க. இனி எழுதுறதுல அது இரிக்காது. ஆனா உங்கட பேர நீங்களாச் சொல்லலாம், நான் சொல்ல ஏலா."

நானாகச் சொல்வதாம். ஆணி விலை சொல்லாதவன்.

மாமி சும்மா இருக்கிற ஆளா? இர்ஷாத் தம்பியை ஆள்விட்டுக் கூப்பிட்டு, முற்றத்தில் நடுக்கதிரையில் உட்காரவைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. சொன்னது இவரா, இல்லையா?" என்று றவூப் காக்காவைக் காட்டினார்.

"ஓம் எண்டும் சொல்ல ஏலா உம்மா, இல்ல எண்டும் சொல்ல ஏலா."

றவூப் காக்கா துள்ளினார். "டேய் தம்பி! நான் சொல்லல்ல எண்டு சொல்றத்துக்கு நானே அனுமதி தாறன்டா!"

"நான் உங்களக் கண்டனா இல்லையா எண்டதையே சொல்ல ஏலா காக்கா."

"இப்ப காணுறாய்தானே?"

"இப்ப காணுறன்."

"யா அல்லாஹ்!" என்று றவூப் காக்கா தலையில் கை வைத்தார்.

"உம்மா, என்னை நம்பித் தந்தது. அமானிதம்" என்றார் இர்ஷாத் தம்பி மெல்ல. ஐந்து வேளையும் தொழுகிற மாமியால் அந்தச் சொல்லோடு சண்டை பிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் ஷிபா மூக்கை உறிஞ்சினாள்.

நான் இருமினேன். பழக்கதோஷம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடலாம் என்றால் வாசல் படலைக்கு நேரே றவூப் காக்காவின் மோட்டார் சைக்கிள் நின்றது.

"மாமி..." என்றேன். "அந்த றவூப் நான்தான்."

றவூப் காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமியின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஆச்சரியம்.

"நீங்களா? அவ்வளவு கதையும் நீங்களா கதச்சீங்க?" பிறகு மகளைப் பார்த்து, "இந்த மனிசன் கதைப்பாராகா?"

நஸீறா அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அந்த மண்டபத்துலயே தெரியும் உம்மா. சேட்டக் கொழுவ ஆணி தேடுற மனிசன் வேற ஆரு?"

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல்ல?"

"இவர் எப்பதான் வாய் திறக்கிறார் எண்டு பாப்பமெண்டுதான்."

மாமி என்னிடம் திரும்பினார். "அம்பரெல்லா புடிக்காட்டி ஏன் மகன் இவ்வளவு காலம் திண்டீங்க?"

"கேட்டாத்தானே மாமி சொல்லலாம்."

"தின்னாட்டித்தானே நான் கேப்பன்!" என்றார் மாமி.

அடுத்த கிழமை அத்திவாரம் போட்டார்கள். கட்டுக்கம்பி, ஆணி எல்லாம் நானே கடையிலிருந்து சுமந்து வந்தேன். றவூப் காக்கா வேண்டுமென்றே என்னை, "றவூப் காக்கா, இஞ்சால வாங்க!" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டார். ஷிபா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு நான் "பொய் றவூப் அப்பா"; எங்கள் பக்கம் அப்பா என்றால் தாத்தா. கடைக்கு வருகிற பொடியன்மார்கூட, "றவூப் காக்கா, ஒரு இஞ்ச் ஆணி" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். என் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் அன்று இர்ஷாத் தம்பி எழும்பிப் போகிற நேரம் மாமி ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் எங்களை இன்னும் விடவில்லை.

"தம்பி, உங்களோட வந்த அந்தப் பொம்பிளப் புள்ளக்கிட்ட நானும் கதச்சன்தானே. ரெண்டு மருமகன்மாரப் பத்தியும். அதையும் பத்திரமா வெச்சிக்கங்க."

நானும் றவூப் காக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை ஒழுங்காக இரண்டு வார்த்தை கதைத்திராத நாங்கள், அதற்குப் பிறகு அதைப் பற்றியே கதைத்துக் கதைத்துக் கூட்டாளிகளாகிவிட்டோம். எங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று மாமியிடம் பணிந்து கேட்டோம், கோபித்துக் கேட்டோம், பெருநாளைக்குப் புதுச் சாரி எடுத்துக் கொடுத்துக் கேட்டோம்.

சாரியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே மாமி, "பேர் வெளிய வராதெண்டு சொல்லித்தானே கேட்டாங்க? அமானிதத்த முறிக்கப்படாது மகன்" என்கிறார். சொல்லிவிட்டு முதலில் றவூப் காக்காவைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். பிறகு சிரிக்கிறார்.