கப்பலைக் கொட்டிப் பார்க்க முடியுமா?

பாலக்கோட்டில் கொட்டிப்பாரு அண்ணனை ஏமாற்றிய ஆள் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும், பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் அந்தக் குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தக்காளி மார்க்கெட்டில் ஏலம் எடுக்கும் வியாபாரி அவர். பெட்டியின் மேல் அடுக்கில் இருக்கும் பழம் எப்போதும் மினுமினுப்பாகத்தான் இருக்கும் என்பது மண்டிக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். மற்ற வியாபாரிகள் கையை உள்ளே விட்டு நாலு பழத்தை எடுத்துப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தள்ளி நின்று, "கொட்டிப் பாரு!" என்பார். பெட்டி கவிழும். அடியில் பதுங்கியிருந்த பச்சைக்காயெல்லாம் உருண்டு வெளியே வரும். அடியிலும் நல்ல பழமே வந்தால், மற்றவர்களைவிடக் கூட விலை வைத்துக் கேட்பார். அதனால் அவர் மேல் யாருக்கும் கோபம் கிடையாது.

இந்தப் பழக்கம் மார்க்கெட்டோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? பிரியாணிக் கடையில் மாஸ்டரை நகரச் சொல்லிவிட்டு அண்டாவின் அடியை எட்டிப் பார்ப்பார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்களை வரிசையாக அச்சடித்த பேனரை ஹெட்மாஸ்டர் பெருமையோடு காட்டினார். "இது மேல் அடுக்குங்க சார். கடைசி ரேங்க் வாங்குன பையனக் கூப்புடுங்க, பேசணும்" என்றார் அண்ணன். அந்தப் பையன் வந்தான். இருவரும் வேப்ப மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். "பையன் சிரிச்சிக்கிட்டே பேசறானுங்க. இங்கயே சேத்துக்கறேன்" என்று திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

நான் அவருக்கு எதிர் வீடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். அவர் இருமல் மருந்து வாங்க வந்தால் எனக்குப் படபடப்பாக இருக்கும். கடையில் நிற்பவர்களைப் பார்த்து, "இதக் குடிச்சும் இருமல் போவாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். எப்போதும் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்.

இப்படிப்பட்ட மனிதரின் கைப்பேசிக்குப் போன வருடம் ஒரு கப்பல் விளம்பரம் வந்தது. சென்னையில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியது. குறைந்த கட்டணம், குடும்பத்தோடு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமைவரைதான் சலுகை. நீச்சல் குளத்தில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் அதைத் தள்ளிவிடப் போனார். தோளுக்குப் பின்னாலிருந்து மகள் யாழினி கேட்டாள்: "அப்பா, கப்பலு வளையாதில்லப்பா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. பதினோரு வயது யாழினிக்கு பஸ், கார் எதுவும் ஒத்துக்கொள்ளாது. சாலை நாலு முறை வளைந்தால் போதும், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். தொப்பூர் கணவாயைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடுவாள். அதனால் அந்தக் குடும்பம் மொத்தமாக எங்கும் போனதே இல்லை. சொந்தக்காரர் கல்யாணமா, அண்ணன் மனைவி செல்வி அண்ணி தன் மகன் கதிரைக் கூட்டிக்கொண்டு போவார், அண்ணன் யாழினியோடு வீட்டில் இருப்பார். குலசாமி கோயிலா, அண்ணன் போவார், அண்ணி இருப்பார். பள்ளிக்கூட டூர் போகிற நாளில் யாழினி என் கடைக்கு வந்து உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை அடுக்கித் தருவாள். ஒருநாளும் அழுது நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்து ஓர் ஊருக்கு, இல்லை, ஊரே இல்லாத ஓர் இடத்துக்குப் போகக் கேட்டுவிட்டாள். "கடல்ல ஏது கண்ணு வளைவு?" என்று சொல்லிவிட்டார் அண்ணன். சொன்னது அவரே ஆனாலும், சோதிக்காமல் அவருடைய பேச்சை அவரே நம்புவாரா? எப்படியாவது இந்த முறை நாலு பேரும் சேர்ந்து போய்விட வேண்டும், ஆனால் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் நடுக்கடலில் கஷ்டப்படுத்திவிடவும் கூடாது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

முதலில் கப்பல் கம்பெனிக்கு என் கடையிலிருந்தே போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசியது.

"ஏம்மா, மேல நீச்சல் கொளம் காட்டறீங்க, செரி. கப்பல்ல அடி அடுக்குல என்னம்மா இருக்குது?"

"அங்க எஞ்சின் இருக்கும் சார். பேசஞ்சர்ஸ் அலவுட் இல்ல."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பாத்தீங்களா தம்பி, மறைக்கறாங்க" என்றார் என்னிடம்.

"கிட்ஸுக்கு நிறைய ஆக்டிவிட்டீஸ் இருக்கு சார். ரொம்ப ஜாலியா இருப்பாங்க."

"எம் பசங்கள நீ பாத்திருக்கியாம்மா? அதெல்லாம் வேணாம். உங்க கப்பல்ல போயிட்டு, ஏன்டா போனோம்னு திரும்பி வந்த குடும்பம் ஒண்ணு இருக்கும் பாரு, அவங்க நம்பரக் குடு."

அந்தப் பெண் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது மாத்திரை. வாந்தி வராமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்ததை என்னிடம் வாங்கிப் போனவர், மகளுக்குக் கொடுக்கும் முன் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டார். போய், காலிப் பெட்டிகளின் மேல் சாய்ந்தவர்தான். ஏலம் முடிந்து, வண்டிகள் கிளம்பி, மாடுகள் வந்து நசுங்கிய பழங்களைத் தின்று தீர்த்த பிறகு எழுந்தார். "தூங்கறதுக்கு எதுக்குங்க கப்பலு? அதுக்கு வூட்லயே பாய் இருக்குது" என்று மிச்சத்தை என் மேசை மேல் வைத்துவிட்டார்.

"தண்ணியில வெச்சுப் பாத்துரலாம்" என்று சனிக்கிழமை எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போனார். துணைக்கு நானும். மருந்துக்காரன் கூட இருந்தால் நல்லதாம். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் வண்டி இறங்கும்போது யாழினி வழக்கம்போல மூன்று இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள். பரிசலில் ஏறினோம். "நல்லா சுத்துங்க, கடல் மாதிரி இருக்கணும்" என்றார் அண்ணன். பரிசல்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். ஆனால் இப்படிக் கேட்ட ஆளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. சந்தோஷத்தில் துடுப்பைப் போட்டுச் சுழற்று சுழற்றென்று சுழற்றினார். கதிர் கூச்சல் போட்டான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு எல்லா சாமியையும் கூப்பிட்டார். அண்ணன் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த வறுத்த மீனை நிதானமாக முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். யாழினி கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

காவிரியில் அன்று வாந்தி எடுத்த ஒரே ஆள் பாலக்கோட்டு மெடிக்கல் ஷாப்காரன்தான்.

அண்ணனுக்குக் கவலை தீரவில்லை. "புள்ளைக்குப் பரிசலு ஒத்துக்கிச்சா, இல்ல வயித்துல ஒண்ணுமே இல்லாததால வரலியா? எப்டித் தம்பி கண்டுபுடிக்கறது?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சலுகை முடியும் நாள். காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். அவர் எடுக்க நினைத்த அறை, இருப்பதிலேயே மலிவானது. சன்னல் கிடையாது. வீட்டின் ஸ்டோர் ரூமும் ஏறக்குறைய அதே அளவு, அங்கேயும் சன்னல் கிடையாது. உள்ளே ஒரு கட்டிலைப் போட்டு, அதன் கால்களுக்கு அடியில் காற்றடித்த லாரி டியூப்களை வைத்திருந்தார். கட்டில் தொட்டால் ஆடியது.

"நாங்க நாலு பேரும் உள்ள போறோம். வெளிய பூட்டிருங்க. சாயங்காலம் வரைக்கும் கெஞ்சினாலும் தெறக்காதீங்க" என்று சாவியை என் கையில் திணித்தார்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இந்தாளு பூட்டச் சொன்னா நீங்களும் பூட்டுவீங்களா?"

பூட்டினேன். வேறு என்ன செய்ய? கொஞ்ச நேரத்துக்குள் உள்ளேயிருந்து கதிர், "அக்கா என் எடத்துல கால நீட்டறா!" என்றான். பிறகு ஏதோ விழுந்தது. பிறகு ஒரு டியூப் வெடித்தது. "கப்பலுக்குப் போறதுக்குள்ளயே நான் எங்க ஆத்தா வூட்டுக்குப் போயிருவேன்" என்று அண்ணியின் குரல். "கடல்ல இதெல்லாம் சகஜம்" என்று அண்ணனின் குரல்.

அதற்குப் பிறகு யாழினியின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, போதும்பா. எனக்கு வருமா வராதான்னே எல்லாரும் பாத்துட்டு இருக்கீங்க. வந்தா வரட்டும். வாயக் கொப்புளிச்சிக்கிறேன். எடுத்தாலும் நான் கடல்ல எடுத்துக்கறேன். என்ன வூட்டுல வுட்டுட்டுப் போவாதீங்க."

அண்ணி மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் கதவைத் தட்டினார். "தம்பி, தெறங்க."

வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நேராகக் கூடத்துக்குப் போய் போனை எடுத்தார். "நாலு டிக்கெட் போடும்மா" என்றார். அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது, சாப்பாடு எப்படி, புயல் வந்தால் என்ன செய்வீர்கள், ஒன்றுமே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைப் பார்க்காமல் வாங்குகிறார். அதைப் பார்த்து நானும் எங்கள் வீட்டாருக்கு டிக்கெட் போட்டேன்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொம்மிடியில் ரயிலேறிச் சென்னை போய், கப்பலில் போய், பத்திரமாகத் திரும்பி வந்தோம். குழந்தைகளோடு போகலாமா என்று இன்றும் தெருவில் கேட்கிறார்கள். அறை சின்னதுதான், உள்ளே நாலு பேரும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஆனால் தூங்கும் நேரம் தவிர யாரும் அங்கே இருப்பதில்லை. சாப்பாட்டுக்கு வரிசை நீளம். கதிர் ஐஸ்கிரீம் வைத்த மேசையைவிட்டு நகரவில்லை. செல்வி அண்ணி, "யாரோ சமைக்கறாங்க, யாரோ பாத்திரம் வெளக்கறாங்க, இன்னொரு நாள் இருக்கட்டுமே" என்று இறங்கவே மறுத்தார். அண்ணன் தரும் தீர்ப்பு: "மொத நாளு கஷ்டங்க. அதத் தாங்கிட்டா, தாராளமா போலாம்."

அந்த முதல் நாள் சாயங்காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கரை மறைந்ததும் கப்பல் லேசாக ஆட ஆரம்பித்தது. மேல்தளத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் வளையவில்லை. ஆனால் யாழினியின் வயிற்றுக்கு அது தெரியவில்லை. ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கப்பல்காரர்கள் கொடுத்த காகிதப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

அண்ணன் எங்கிருந்தோ இன்னொரு பையை வாங்கி வந்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வாயருகே வைத்துக்கொண்டு, "உவ்வே" என்றார். எங்கள் ஊர்க் கூத்தில் முதல் நாள் வேஷம் கட்டுகிறவன்கூட இவரைவிட நன்றாக நடிப்பான். முதலில் சத்தம் வந்தது, பிறகுதான் நினைவு வந்து முகத்தைச் சுளித்தார். சுழலும் பரிசலில் மீன் தின்ற மனிதர்! நான் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களுக்குமாப்பா?" என்றாள் யாழினி.

"ஆமா கண்ணு. கடலு யாருக்கும் ஒத்துக்காதாம். உள்ள கப்பல் ஓட்றவரே பையோட உக்காந்திருக்காராம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு "உவ்வே" போட்டார். இந்தமுறை இன்னும் மோசம்.

யாழினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக வாந்தி எடுக்கிறவளுக்கு எது நிஜம், எது பொய் என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையால் அப்பாவின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லப்பா, எடுத்துட்டா செரியாயிரும்" என்றாள்.

அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். அவர் தோள் குலுங்கியது மட்டும் நடிப்பு இல்லை.

எனக்கும் வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் வந்தது. அறைக்கு ஓடிப்போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேரையும் விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.