கனகம் அக்கா கரைத்த உப்பு

ஆராய்ச்சி செய்கிறவன் மண்ணை, தண்ணீரை, விதையை எல்லாம் கட்டுக்குள் வைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் இரக்கத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத் தோட்டத்தில் தெரிந்துகொண்டேன்.

உப்பு நிலத்தில் நெல்லின் எந்தக் குணம் விளைச்சலைக் கூட்டுகிறது? உயரமா, தூர்களா, கதிரின் நீளமா? வேளாண் முதுகலையில் எனக்குக் கிடைத்த தலைப்பு இது. கல்லூரி வயலில் இடமில்லை. எனவே காம்பவுண்டுச் சுவர் பக்கம் தொட்டிகளில் நெல் நட்டு, தினமும் காலையில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். (மளிகைக் கடைக்காரர், "கருவாடு போடறீங்களா தம்பி?" என்றே கேட்டுவிட்டார்.) இந்தப் போகம் தப்பினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

சுவரை ஒட்டிய தொட்டிகளில் பயிர் நெஞ்சுயரம் வளர்ந்து கதிர் தள்ளியது. தள்ளி இருந்தவை நுனி கருகி நின்றன. உயரமான செடிகளில்தான் மணி அதிகம்! கணக்குப் போட்டால், உயரத்துக்கும் விளைச்சலுக்கும் அப்படியொரு ஒட்டுறவு. உலகத்து உப்பு நிலத்தையெல்லாம் நானே மீட்டுவிட்டதாக ஒரு நினைப்பு. என் வழிகாட்டியான பேராசிரியையை நேரிலேயே வரவழைத்தேன். அப்பா மைன்ஸில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

மேடம் உப்பு அளக்கும் மீட்டரைச் சுவரோரத் தொட்டி மண்ணில் குத்தினார். மறுபடி குத்தினார்.

"என்னப்பா, உப்பே இல்லையே?"

"கிலோ கிலோவா கொட்டியிருக்கேன் மேடம்!"

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக் கனகம் அக்காவின் தலை எழுந்தது. கையில் தண்ணீர் டியூப்.

"நீ காலேஜு போனதும் நாந்தான் தம்பி தெனம் நல்ல தண்ணி வுட்டுக்கினு இருந்தேன், டியூப்பு எட்டுன வரிக்கும். படிச்ச புள்ள, நெல்லுக்குப் போயி உப்பு ஊத்துதேன்னு மனசு கேக்கல. வளையமாதேவில எங்க நெலம் மைன்ஸுக்குப் போயிடுச்சு. கண்ணெதிர இன்னொரு நெல்லு சாவறத எப்புடிப் பாத்துக்கினு இருக்கறது?"

நான் ஆத்திரத்தோடு கருகி நின்ற தொட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேடம்தான் சிரிப்பை அடக்க முடியாமல், "விளைச்சலைக் கூட்டினது செடியோட உயரம் இல்லப்பா, அக்காவோட டியூப் நீளம்" என்றார்.

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அடுத்த போகத்துக்குத் தொட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றினேன்.

இன்றைக்கும் சாம்பாரில் உப்புக் குறைந்தால், தென்காசிக்காரரான அப்பா தட்டை நகர்த்திவிட்டு, "ஏலே, கனகம் வந்துட்டுப் போச்சால?" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வரும்.

"நான் இல்லீங்க! காலையிலருந்து கொழாயில தண்ணியே வரல!"