பதினேழு நிமிடம் பழசு, ஐந்து நிமிடம் புதுசு

மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்த காட்சியில் அருவிக்கரைக் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. புதிதாக நட்ட அந்தக் கம்பிக்கு இன்றைக்குக் காலையில்தான் முதல் பூச்சு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா பாரு," என்று லேப்டாப்பைத் திருப்பினாள் எடிட்டர் நிலோபர்.

ஐந்தருவியில் சீசன் இல்லாததால் மூடிக் கிடந்த ஒரு பஜ்ஜிக் கடைதான் அன்றைக்கு எடிட்டிங் அறை. அனுசியா திரையைப் பார்த்தாள். 'ஏழாம் அருவி' தொடரின் இளவரசி கையைத் தூக்கி மந்திரம் சொல்கிறாள். அவளுக்குப் பின்னால் கம்பி. கீழ்ப்பாதி செங்கல் நிறத்தில் உதிர்கிறது. அனுசியா கடைக்கு வெளியே தலையை நீட்டினாள். அதே கம்பி, அதே வளைவு. நீலப் பெயிண்ட் டப்பாவோடு ஒருவர் குந்தியிருந்தார்.

"தப்பான டிஸ்க்கக் குடுத்துட்டானுவ," என்றாள்.

"டிஸ்க்குல தேதி ஒட்டிருக்கு. மூணு வருசத்துக்கு முந்தி எடுத்தது."

"அப்ப ஒட்டினவன் தப்பு."

"எல்லாரும் தப்பு, நீ மட்டும் சரி," என்றாள் நிலோபர். "இப்ப இத வைக்கவா, தூக்கவா?"

தூக்க முடியாது. கதாநாயகி நடிகை ஏதோ கடைத் திறப்பு விழாவுக்குப் போய்விட்டாள். கதாநாயகி வராத நாளில் தொடர்க்காரர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். மிச்சமிருக்கிற யாராவது ஒருத்தரை உட்காரவைத்து நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பழைய காட்சிகளை வரிசையாகக் கோத்து, மஞ்சள் பூசி, ஓரத்தில் புகை போட்டு ஒரு நாளை ஓட்டிவிடுவார்கள். அதுதான் பிளாஷ்பேக் எபிசோடு. எடுக்கிறவனுக்கே அதில் மரியாதை கிடையாது.

மரியாதை இல்லாததால்தான் அது அனுசியாவிடம் வந்தது. இயக்குநர் பால்வண்ணநாதன் காய்ச்சலில் தென்காசி லாட்ஜில் படுத்துக்கொண்டு, "பிளாஷ்பேக்தான ஏட்டி, எவ எடுத்தா என்ன. உன் பேரயே போட்டுக்க. அஞ்சு மணிக்குள்ள சேனலுக்குப் போகலேன்னா இனி எங்கிட்ட எதுவும் கேக்கப்படாது," என்று சொல்லிவிட்டார்.

கொடுத்த விதத்துக்கு அவர் மூஞ்சியில் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். அனுசியா ஊற்றவில்லை. எட்டு மாதமாக அவள் கண்டினியூட்டி பார்க்கிறாள். போன காட்சியில் வலது தோளில் கிடந்த மாலை இந்தக் காட்சியில் இடது தோளுக்குத் தாவிவிடாமல் காவல் காக்கிற வேலை. அந்தக் காவலாளியின் பேரைத் திரையில் போடமாட்டார்கள். ராயகிரியில் எலுமிச்சை மூட்டை சுமந்து அவளைப் படிக்கவைத்த அப்பா, "காலேஜ் படிச்சது மாலையப் பாக்கதுக்கா?" என்று ஒருமுறை கேட்டார். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அப்பாவுக்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வரி தேவைப்பட்டது. இயக்கம்: அனுசியா.

சென்னையில் சேனலுக்காக எபிசோடுகளை வாங்கி ஏற்றுகிற ஷெர்லினுக்குப் போன் போட்டாள்.

"இருபத்திரண்டு நிமிஷம்கா," என்றாள் ஷெர்லின். "பழைய கிளிப் பதினேழுக்கு மேல போகக்கூடாது. புதுசா அஞ்சு நிமிஷமாவது இருக்கணும். சிஸ்டமே செக் பண்ணும். ஏற்கெனவே ஒளிபரப்பானத புதுசுன்னு அனுப்பினா கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பிரும்."

"அந்தக் களவாணித்தனம் எல்லாம் இங்க கிடையாது," என்றாள் அனுசியா.

புதிய ஐந்து நிமிடத்துக்கு ஆள் வேண்டும். கையிலிருந்த ஒரே நடிகை சங்கரேஸ்வரி. இளவரசியின் தோழி வேடம்.

"மூணு வருசமா வெத்தலத் தட்ட ஏந்திக்கிட்டு அவ பின்னால நிக்கேன்," என்று நகையை மாட்டிக்கொண்டே சொன்னாள் சங்கரேஸ்வரி. "இன்னிக்குத்தான் என்னைய நினைக்கவே விட்டிருக்கீங்க."

"அக்கா, இந்த சீன் எடுக்கும்போது நீங்கதான தட்டோட நிக்கீங்க. அப்ப இங்கன கம்பி இருந்துச்சா?"

சங்கரேஸ்வரி திரையில் தன்னையே உற்றுப் பார்த்தாள். "இது நான்தான். ஆனா இத எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லயே."

"நினைச்சுப் பாக்க வேண்டிய ஆளுக்கே ஞாபகம் இல்லையாம்," என்றாள் நிலோபர்.

கேமராமேன் இசக்கி அண்ணாச்சியைக் கேட்டார்கள். தொடர் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். "மூணு வருசத்துக்கு முந்தி இங்கன வெறும் பாறைதான் எம்மா. கம்பி ஏது?" என்றார்.

அனுசியா ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய காட்சியில் கம்பி எப்படியிருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய காட்சியில் புதுக் கம்பி பளிச்சென்று தெரிந்தால்தான் சிக்கல். அதை மறைத்தால் போதும். கடைக்காரர் வெயிலுக்குக் கட்டியிருந்த பச்சை வலையை அவிழ்த்து, பெயிண்ட் காய்ந்த பக்கமாகக் கம்பி மேல் விரித்துக் கட்டினாள். எலுமிச்சை மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு நுழைப்பு. அந்த முடிச்சு அவள் அப்பாவுடையது. ராயகிரியிலேயே வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது நிலோபர் கடை வாசலில் நின்றாள். கண்ணைச் சிமிட்டவில்லை.

"ஏட்டி. இங்க வா."

திரையில் அதே பழைய காட்சி. துருப்பிடித்த கம்பி. கம்பியின் மேல் வெளுத்துப்போன பச்சை வலை, நாராய்க் கிழிந்து காற்றில் ஆடியது.

"முதல்லயே இருந்துச்சோ என்னமோ," என்றாள் நிலோபர். "நாமதான் கவனிக்கல."

"கவனிக்கதுதான் என் வேலை," என்றாள் அனுசியா. படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். வலையின் மூலையில் முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு நுழைப்பு.

அவள் வெளியே ஓடி வலையை அவிழ்க்கப் பார்த்தாள். அப்பாவின் முடிச்சு அவிழவில்லை. கத்திரியால் வெட்டி வலையை எடுத்தாள். முடிச்சு மட்டும் கம்பியிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பழைய காட்சியில் வலை இல்லை. கம்பியில் கறுத்துப்போன ஒரு முடிச்சு மட்டும் குளவிக்கூடு மாதிரி ஒட்டியிருந்தது.

மழையில்லாத பங்குனி. ஐந்து அருவியில் இரண்டுதான் விழுந்துகொண்டிருந்தது, அதுவும் சத்தமில்லாமல்.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள் நிலோபர்.

"அஞ்சு மணிக்கு அப்புறம் போ. நானே வண்டியில கொண்டு விடுதேன்."

அடுத்த யோசனை எளிமையானது. கம்பியே வேண்டாம். கேமராவைப் பாறைப் பக்கம் திருப்பிவிடலாம். இசக்கி அண்ணாச்சி கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறினார். பாசி. வழுக்கினார். கேமராவை நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிவிட்டார். முகத்தைக் காப்பாற்றவில்லை. இடது புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

சங்கரேஸ்வரி மேக்கப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள். "ஆஸ்பத்திரி போவோம் அண்ணாச்சி," என்றாள் அனுசியா.

"ஷாட்ட எடு எம்மா. புருவந்தான. முளைச்சிரும்."

நிலோபர் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். இந்த முறை 'ஏட்டி' இல்லை. "ஆள் யாராவது வாங்க," என்றாள்.

பழைய காட்சிகளில் இன்னொன்று. தளபதி தன் கேடயத்தைத் தூக்குகிறார். பளபளப்பான தகரக் கேடயம். எந்தத் தொடரிலும் நடக்கிற தப்புதான், கேமராமேனின் உருவம் அதில் தெரிகிறது. இசக்கி அண்ணாச்சிதான். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைத் தழும்பு. தலை முழுக்க நரை.

அனுசியா வெளியே எட்டிப் பார்த்தாள். அண்ணாச்சியின் தலை காக்கைக் கருப்பு.

"அண்ணாச்சி, நீங்க டை அடிக்கீங்களா?"

"யாரு சொன்னா? எங்க அப்பாக்கு எழுபதுலயும் ஒரு முடி நரைக்கல."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கக் கூடிய கேள்வியா இது?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மணி இரண்டரை. அனுசியா வசனத்தாளில் கடைசி நான்கு வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கம்பி இல்லாத இடத்துக்கு ஏற்ற மாதிரி. மை காயவில்லை. தாளை நீட்டுமுன்பே சங்கரேஸ்வரி பாறையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு, "அன்று இந்தப் பாறைதான் எனக்குத் துணை. அருவி கூட அன்று என்னோடு பேசவில்லை," என்றாள்.

அனுசியா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதே வரி.

"அக்கா, இத எப்பப் படிச்சீங்க?"

"படிக்கலயே. என்னமோ சொன்னதையே திருப்பிச் சொல்லுத மாதிரி வருது." சங்கரேஸ்வரி கையைத் தேய்த்துக்கொண்டாள். "எடுத்துத் தொலைங்க தாயி. எனக்குக் கை கால் எல்லாம் சில்லுனு இருக்கு."

எடுத்தார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது படம் மஞ்சளாக இருந்தது. ஓரமெல்லாம் புகை. பழைய காட்சிகளுக்கு நிலோபர் பூசியிருக்க வேண்டிய மஞ்சள், பூசாமலே இதில் இருந்தது. அண்ணாச்சி லென்ஸைத் துடைத்தார், கார்டை மாற்றினார், வேறு கேமராவில் எடுத்தார். ஒவ்வொரு தடவைக்கும் மஞ்சள் கூடியது. நிலோபர் பழைய காட்சிகளுக்கு மஞ்சள் பூசிப் பார்த்தாள். பூசப் பூச அவை பளிச்சென்று வெளுத்தன. நேற்றுப் பொங்கிய வெள்ளம் மாதிரி ஐந்து அருவியும் திரையில் கொட்டின.

"சாரல் எடுக்க இன்னும் மூணு மாசம் கெடக்கு," என்றார் அண்ணாச்சி, சாலையைப் பார்த்தபடி. சாலையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புகை நின்றது. நடுவில் இவர்கள் நாலு பேர். பெயிண்ட் அடித்தவர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

பால்வண்ணநாதனுக்குப் போன் போனது. அவர் முனகிக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா என்னைய எழுப்பின? மஞ்சளா இருக்கத பழசுன்னு போடு. பளிச்சுன்னு இருக்கத இன்னிக்கு நடக்குதுன்னு போடு. எவன் பாக்கான்?"

"அது பொய் சார்."

"ஏட்டி, எழுநூறு வருசத்துக்கு முந்துன இளவரசி அருவி வழியா வந்து காபி குடிக்கா. அதுல நீ உண்மையத் தேடுதியா?"

"என் பேரு போடுத எபிசோடு சார். இன்னிக்கு எடுத்தது இன்னிக்குன்னுதான் போகும்."

போனை வைத்துவிட்டு நிலோபரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் கோத்து முடித்தார்கள். கடைசிப் பழைய காட்சியின் வாலில் இளவரசி திரும்பி நடக்கிறாள். திரைக்கு வெளியிலிருந்து யாரோ "கட்" என்கிறார்கள். கரகரத்த பெண் குரல். நிலோபர் மூன்று முறை ஓடவிட்டாள்.

"இது நீதான்."

"நான் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. மூணு வருசத்துக்கு முந்தி ஹாஸ்டல்ல புளிச்ச சாம்பாரோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்."

"உன் குரல்தான். தொண்டை மட்டும் கட்டியிருக்கு. ரொம்ப வருசம் கத்தின மாதிரி."

"வெட்டிப் போடு," என்றாள் அனுசியா.

நிலோபர் வெட்டினாள். திரையில் ஒலியைக் காட்டும் கோடு அழிந்துபோன இடத்திலும் "கட்" கேட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள்.

பஜ்ஜிக் கடையில் பேசச் சிக்னல் உண்டு, எபிசோடை ஏற்றுகிற அளவுக்கு நெட் இல்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். எவ்வளவு நடந்தாலும் புகை அதே தூரத்தில் நின்றது. நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் வைத்து அனுசியா கடைசியாக ஒருமுறை தலைப்பைத் திறந்து பார்த்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து. இயக்கம்: அனுசியா. விரலால் தொட்டுப் பார்த்தாள். திரைதான், எழுத்து தட்டுப்படவில்லை. ஆனாலும் தொட்டாள்.

நாலு ஐம்பத்தொன்பதுக்கு எபிசோடு சேனலுக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கரேஸ்வரி அங்கேயே பெஞ்சில் படுத்துவிட்டாள். அண்ணாச்சி புருவத்தைத் தடவிக்கொண்டு, "எம்மா, ஜெயிச்சிட்ட," என்றார். அனுசியா அப்பாவின் எண்ணை எடுத்து அழுத்தப் போனாள். அதற்குள் ஷெர்லினின் அழைப்பு வந்துவிட்டது.

"சிஸ்டம் திருப்பி அனுப்பிருச்சுக்கா."

"ஏன்? பழைய கிளிப் பதினேழு நிமிசம்தான். நொடி பாத்து வெட்டியிருக்கேன்."

"அந்தப் பதினேழு நிமிஷத்துல ஒரு பிரச்சனையும் இல்லக்கா, அது இதுவரைக்கும் எங்கயுமே வந்ததில்ல, புத்தம் புதுசுன்னு காட்டுது. இன்னிக்கு எடுத்தேன்னு அனுப்பியிருக்கீங்களே அஞ்சு நிமிஷம், அதுதான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே உங்க பேரோட ஒளிபரப்பாயிருச்சு."