புளியங்கொட்டையில் நான் வாங்கிய மதிப்பெண்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.20-க்கு வெந்நீர். 5.30 முதல் 6.00 வரை மொட்டை மாடியில் நடை (நாற்பது சுற்று). 6.10-க்குக் காபி, சர்க்கரை சற்று ஜாஸ்தி. 6.25-க்குப் புளியங்கொட்டைகளை எண்ணினேன். அறுபது.

கடைசி வரியைத் தவிர மற்றவை என் நாட்குறிப்பில் தினமும் இருப்பவைதான். இருபத்திரண்டு வருடங்களாக எழுதுகிறேன். ஒழுங்காக இருப்பது என்னுடைய பெரிய தகுதி என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒரு வியாதி என்று அன்று பகல் 12.40-க்குத் தெரிந்தது.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலை விவசாயிகளிடம் சாமை, தினை, கடுக்காய் வாங்கி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் திட்ட அலுவலர். எங்கள் ஆபீசில் பிப்ரவரி வந்தால் இரண்டு மதிப்பீடு நடக்கும். ஒன்று, புதிதாகப் பணம் போடப்போகும் திட்டம் தேறுமா என்பது. இன்னொன்று, ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஊழியர் தேறுவாரா என்பது. இரண்டு படிவங்களையும் தட்டச்சு செய்தவன் நான்தான். ஆகவே ஒரு ரகசியம் சொல்ல முடியும். இரண்டிலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இதற்கு என்ன செலவாகிறது, என்ன திரும்ப வருகிறது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? ஒரே வித்தியாசம், மிஷினிடம் ‘உனக்கு நீயே மார்க் போட்டுக்கொள்’ என்று யாரும் சொல்வதில்லை. என்னிடம் சொன்னார்கள். ஐந்துக்கு 4.75 போட்டுக்கொண்டேன். (அந்தக் கால் மதிப்பெண்ணைக் குறைத்தது அடக்கத்தினால்.)

அந்த வருடம் கரியாலூருக்கு மூன்று திட்டங்கள் போட்டியில் இருந்தன: சாமையின் உமி நீக்கும் மிஷின், தானியம் காயவைக்க சிமெண்ட் களம், அருவி பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கும் குடில். ஆபீசில் எல்லோருக்கும் குடில்தான் பிடித்திருந்தது. படம் வரைந்தால் அழகாக இருந்தது. ஆனால் மலைப் பெண்களுக்கு வேண்டியது மிஷின். சாமையை உரலில் குத்தினால் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். இல்லையென்றால் மூட்டையை பஸ்ஸில் போட்டு மலையிறங்கி, மில்லில் காத்திருந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். எது வேண்டுமென்று அவர்களையே கேட்டு முடிவு செய்யலாம் என்று பணம் தரும் இடத்திலிருந்து அனிதா மேடம் என்ற மதிப்பீட்டாளர் வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி: ‘பயணச் செலவைக் கருதி, ஊழியர் மதிப்பீட்டையும் அதே நாளில் பயனாளிகளைக் கொண்டே செய்துவிடலாம்.’ அதாவது, எனக்கு மேலாளர் பதவி உண்டா இல்லையா என்பதும் கரியாலூரில்தான் முடிவாகும்.

முறை எளிமையானது. தரையில் சாக்பீஸால் வட்டங்கள் போடுவார்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுப்பார்கள். விரும்பிய வட்டத்தில் போட வேண்டும். எண்ணினால் முடிவு வந்துவிடும்.

மற்றவர்களாக இருந்தால் அந்த நாள் வரட்டும் என்று விட்டிருப்பார்கள். நான் மூன்று செவ்வாய்க்கிழமை முன்கூட்டியே மலையேறிப்போய் இருபது பெண்களுக்கும் ஒத்திகை நடத்தினேன். இந்த முறையை விளக்கும் கையேட்டிலிருந்த உதாரணம் ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றியது. அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு வட்டம் தண்ணீர், ஒரு வட்டம் ரோடு, ஒரு வட்டம் காட்டுப்பன்றி.

“எது பெரிய தொல்லையோ அதுல நிறைய போடுங்க. தொல்லையே இல்லைன்னா ஒண்ணும் போடாதீங்க. புரிஞ்சுதா?”

குழுத் தலைவி பச்சையம்மாள் கொட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: “ஏன் சார், இத்த வாயால சொன்னா ஆவாதா?”

“ஆவாதும்மா. எண்ணிக்கை வேணும்.”

“பன்னி எண்ணிக்கையா?”

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். அப்போதுதான் நான் தட்டச்சு செய்த விதி எனக்கே ஞாபகம் வந்தது. ‘பயனாளிகளை முன்கூட்டியே பழக்கியது தெரியவந்தால் திட்டம் பரிசீலனையிலிருந்து நீக்கப்படும்.’ (தடித்த எழுத்தில் போட்டவனும் நான்தான்.) உடனே இன்னொரு பாடம் நடத்தினேன்.

“மேடம் வந்து விளக்குவாங்க. இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதே இல்லாத மாதிரி இருக்கணும். சரியா?”

“அதெல்லாம் பாத்துக்கறோம் சார். நீங்க தகிரியமா போங்க,” என்றார் பச்சையம்மாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஜீப் 7.15-க்கு வர வேண்டும். டிரைவர் ஏழுமலை 7.40-க்கு வந்தார். இதை எழுதி வைத்தேன். லாட்ஜில் மேடத்தை ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்தார். இதை எழுதவில்லை. எழுதினால் நோட்டு போதாது. 9.50-க்குக் கரியாலூர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மரத்தடியில் இருபது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டீ, வணக்கம், மலையைப் பற்றிய பேச்சு எல்லாம் முடிந்து, மேடம் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டார். முதலில் ஊழியர் மதிப்பீடு. ஒரு வட்டம் எனக்கு, ஒன்று ஏழுமலைக்கு, ஒன்று கணக்காளர் ஸ்டெல்லாவுக்கு (அன்று விடுப்பு). மேடம் மிகத் தெளிவாகவே விளக்கினார். “யாரு உங்களுக்கு நல்லா உதவுறாங்களோ, அவங்களுக்கு நிறைய போடுங்க.” இதை இரண்டு முறை சொன்னார்.

ஆனால் கேட்கத்தான் அங்கே யாருமில்லை. இருபது பெண்களும் தெரியாத மாதிரி இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ஒருவர் புளியங்கொட்டையை ஆகாயத்தில் பிடித்துப் பார்த்து, “இன்னாது இது?” என்று வியந்தார். வீட்டில் தினமும் புளி கரைக்கிறவர். பச்சையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு, “அய்யே, இப்டியெல்லாம்கூட கண்டுபுடிச்சிக்கினாங்களா!” என்றார். நானோ கொட்டைகளை மும்மூன்றாக அடுக்கிக்கொண்டு, நடிப்பு மிஞ்சிப்போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னது என் காதில் விழுந்ததே தவிர, மனதில் ஏறவில்லை.

எங்கள் கண்ணெதிரில் போட வேண்டாம் என்று என்னையும் ஏழுமலையையும் பத்தடி தள்ளி நிறுத்தினார்கள். பெண்கள் வரிசையாக எழுந்து போட்டார்கள். மேடம் எண்ணினார். முகம் மாறியது. இன்னொரு முறை எண்ணிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

ஏழுமலை, நாற்பத்தொன்று. ஸ்டெல்லா, பத்தொன்பது. நான், பூஜ்யம்.

கூட்டல் சரியாக அறுபது வந்தது. எனக்கு முதலில் தோன்றியது அதுதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

“சார்,” என்றார் மேடம் தணிந்த குரலில், “நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். பூஜ்யம் இப்பதான் பாக்கறேன்.”

ஏழுமலையின் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் இவங்க அன்பு மேடம்,” என்றார். “நான் இன்னா பெருசா செஞ்சிட்டேன்!”

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பச்சையம்மாள் என் பக்கத்தில் வந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு காதோரம் சொன்னார்:

“ஒங்களுக்கு ஒண்ணுகூட உழல சார். பொன்னியம்மா ஒண்ணு போடப் பாத்துது, நான்தான் கையப் புடிச்சிக்கினேன்.”

மணி 12.40.

ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. அவர்கள் மேடத்தின் முறைப்படிப் போடவில்லை. என் முறைப்படிப் போட்டிருக்கிறார்கள். எது பெரிய தொல்லையோ அதில் நிறைய. விடியற்காலையில் ஹாரன் அடித்துக் குழந்தைகளை எழுப்பி, நாலு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லி மூன்றரைக்கே கிளம்பி, வாசலில் வைத்த பலாப்பழத்தைக் கேட்காமலே ஜீப்பில் ஏற்றும் ஏழுமலைக்கு நாற்பத்தொன்று. ஒரே ரசீதில் மூன்று இடத்தில் கையெழுத்து கேட்கும் ஸ்டெல்லாவுக்குப் பத்தொன்பது. தொல்லையே இல்லாத எனக்கு ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அது. அது காகிதத்தில் பூஜ்யமாக ஏறிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். “மேடம், இவங்க தலைகீழாப் போட்டுட்டாங்க.” ஏன் அப்படிப் போட்டார்கள் என்பார். நான் பழக்கினேன் என்பேன். தடித்த எழுத்து விதி வந்து நிற்கும். மிஷின் போய்விடும். எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் மேடம் பழைய வட்டங்களை அழித்துப் புதிதாக மூன்று போட ஆரம்பித்திருந்தார். மிஷின், களம், குடில். இன்னும் ஐந்து நிமிடத்தில் இதே பெண்கள், தொல்லையில்லாத மிஷினுக்கு ஒன்றும் போடாமல், வேண்டாத குடிலில் அறுபதையும் கொட்டப்போகிறார்கள்.

“மேடம், ஒரு நிமிஷம், தண்ணி,” என்றேன். “பச்சையம்மா, குடம் எங்க இருக்கு காட்டுங்க.”

குடம் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பச்சையம்மாள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“இப்ப மாத்திப் போடணும்மா. எது வேணுமோ அதுல நிறைய.”

“இன்னாத்துக்கு சார் மாத்தணும்? நீங்கதான மூணு வாரமா...”

“நான் சொன்னது தப்பு. மேடம் கணக்குல நிறைய இருந்தாதான் நல்லது.”

அவர் கையிலிருந்த முந்தானை நழுவியது. “அப்ப மொதல்ல போட்டது? ஒங்களுக்கு முட்டையா? அந்த ஹாரன்காரனுக்கு நாப்பத்தொண்ணா? அய்யய்யோ, இருங்க, நான் போயி சொல்லிட்டு வரேன்!”

“சொன்னா மிஷின் வராதும்மா.”

நின்றார். மரத்தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?”

“ஆவாது,” என்றேன். (பொய். மேலாளர் நாற்காலிக்குக் கை வைத்த மாடல் ஒன்றை மனதுக்குள் தேர்ந்தெடுத்தே வைத்திருந்தேன்.) “அது போவட்டும். போயி அவங்ககிட்ட சொல்லுங்க.”

திரும்பி வந்தவர் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒவ்வொரு டம்ளரோடும் ஒரு சொல் போனது. தண்ணீர் வேண்டாமென்ற பொன்னியம்மாவையும் குடிக்க வைத்தார்.

மிஷின் ஐம்பத்தேழு. களம் மூன்று. குடில் பூஜ்யம். அந்த மூன்றும் பொன்னியம்மாவுடையவை. விவரம் புரியாமல் போடவில்லை. அவருக்கு உண்மையாகவே களம்தான் வேண்டியிருந்தது. அன்று ஒழுங்காக மதிப்பீடு செய்தவர் அவர் ஒருவர்தான்.

மலை இறங்கும்போது ஏழுமலை ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மக்கள் நேசிக்கும் மனிதர் அப்படித்தான் ஓட்டுவார் போலிருக்கிறது. கள்ளக்குறிச்சியில் லாட்ஜ் வாசலில் இறங்கிய மேடம் ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். மேலே ஊழியர் முடிவு, கீழே திட்ட முடிவு, இரண்டுக்கும் சேர்த்து அடியில் இரண்டு கட்டம்: ஏற்கிறேன், ஆட்சேபிக்கிறேன்.

“ஆட்சேபனை இருந்தா தாராளமா எழுதுங்க சார். மொத்தக் கோப்பும் மறுவிசாரணைக்குப் போகும். காலைல ஒன்பது மணிக்குள்ள குடுத்தா போதும்.”

வீட்டில் 7.15-க்கு என் மனைவி செல்வியிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தண்ணீர்க் குடம் வரை பொறுமையாகக் கேட்டவள் அதற்குமேல் தாங்க முடியாமல் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். “அப்ப நாளைக்கு இன்னா எழுதப் போறீங்க?” என்றாள். காலையில் யோசிக்கிறேன் என்றேன்.

அந்த வருடம் மேலாளர் பதவி எனக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது. அப்போது அதற்குப் பதிலாக ‘மக்களோடு கலந்து பழகுவது எப்படி’ என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். (அங்கே குறிப்பெடுத்தவர்களில் என் குறிப்புதான் சுத்தமானது.) ஏழுமலைக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம், “நீங்களும் கொஞ்சம் ஜனங்களோட சிரிச்சுப் பேசுங்க சார், வந்துரும்,” என்று ஆறுதல் சொல்கிறார். அடுத்த அறுவடைக்கு மிஷின் கரியாலூருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் ஓடுகிறது. அதன் சத்தத்துக்கு மேலே பச்சையம்மாள் என்னைப் பார்த்துக் கத்துவார்: “முட்டை சார் வந்துட்டாரு!”

வீட்டிலும் விடிவில்லை. குழம்பு எப்படி என்று செல்வி கேட்டு நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் மகள் கயல், “முதல்ல கணக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்கப்பா, கொட்டை நல்லதுக்கா கெட்டதுக்கா?” என்பாள். போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு, மாப்பிள்ளை எப்படி என்று நாங்கள் கேட்டோம். எழுந்து போய்ப் புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கணக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்க வேண்டியதாயிற்று.

2019 பிப்ரவரி 13, புதன்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கும் வெந்நீருக்கும் முன்பாக, முதல் வேலையாகக் கூடத்து மேஜையில் அந்தத் தாளை வைத்து, ‘ஏற்கிறேன்’ கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. எழுந்து வந்த செல்வி அதைப் படித்துப் பார்த்தாள். பிறகு புளியங்கொட்டை டப்பாவைக் கொண்டுவந்து, தாள் பறக்காமலிருக்க, என் பெயர் இருந்த இடத்தில் வைத்தாள். அறுபதும் என் பேரில். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.