காதுகுத்தியாரும் தங்கச்சியின் பல்லும்

காதுகுத்தியாரிடம் காதைக் கொடுக்காமல் வன்னியில் ஒருவரும் பல்லுப் பிடுங்கியது கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் அது. காதுமடலில் ஊசியால் ஒரு குத்து. பிறகு அரை நிமிடத்துக்கு ஒருதரம் ஒற்றுத்தாளால் ஒற்றி, இரத்தம் எப்போது நிற்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஒற்றுத்தாள் வருவதும் நின்றது. மனிதர் அசரவில்லை. கட்டியிருந்த வேட்டியின் கரையைக் கிழித்து, அவித்து, காயவைத்து ஒற்றத் தொடங்கினார். மாதம் போகப்போக வேட்டி ஏறி முழங்காலுக்கு வந்துவிட்டது. மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் இருந்து நான்தான் எல்லாரிலும் கூடுதலாகச் சிரித்தேன்.

ஒருநாள் உருத்திரபுரத்திலிருந்து என் தங்கச்சியைப் பல்லுப் பிடுங்கக் கூட்டிவந்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அடிக்கடி மூக்கால் இரத்தம் வடியும். காதில் குத்தி இருபது நிமிடமாகியும் இரத்தம் நிற்கவில்லை. காதுகுத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ரத்தத்தை உறையவைக்கிற சிறுதட்டுகளை எண்ணிப் பாத்தனான், கணக்குச் சரி. ஆனா அதுகள் ஒண்டையொண்டு பிடிச்சால்தானே காயம் அடைபடும்? பிடிக்கிறதுக்கு அதுகளிலை கொளுக்கி மாதிரி, வாங்கி எண்டு ஒண்டு இருக்கு. பிள்ளைக்கு அதிலைதான் பிழை போலக் கிடக்கு. ரத்தம் தர ஆக்களை ஆயத்தப்படுத்திப்போட்டுப் பிடுங்குவம்."

"கணக்குச் சரியெண்டால் பிறகென்ன கதை?" என்றேன். பல் வைத்தியர் மாதத்தில் ஒருநாள்தான் வருவார். ஆஸ்பத்திரி ஆள் என்ற செருக்கில், கணக்குத் துண்டை மட்டும் வைத்தியரிடம் காட்டி, தங்கச்சியை நேரே கதிரையில் இருத்திவிட்டேன். பாவி நான்.

மத்தியானம் தொடங்கிய இரத்தம் நிற்கவில்லை. வைத்த பஞ்செல்லாம் ஊறின. அவள் வெளிறிப்போனாள். காதுகுத்தியார் அந்தக் கட்டை வேட்டியோடு சைக்கிளில் பறந்து, வயலில் நின்ற இரண்டு பேரை இழுத்துவந்தார். அவர்களுக்கு முன்னால் தானே படுத்து இரத்தம் கொடுத்தார். புது இரத்தம் ஏறி, பொழுதுபடத்தான் வடிவது நின்றது. தங்கச்சி கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

நான் தலைகுனிந்து அவர் கட்டிலடிக்குப் போனேன். ஒரு ஏச்சாவது ஏசியிருக்கலாம் அந்த மனுசன். ஏசியிருந்தால் இத்தனை வருசம் என் நெஞ்சு இப்படி அரித்திருக்காது.

"தம்பி, காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டீர்" என்றார். இரத்தம் கொடுத்ததற்காக அவருக்குக் கொடுத்த பாண் துண்டைப் பிய்த்து, மன்னிப்புக் கேட்கத் திறந்த என் வாயில் வைத்துவிட்டார். அடுத்த இடப்பெயர்வில் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.